முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்

என் கன்னத்தை முதன்முதலில் தடவிப் பார்த்த பெண் என் மனைவி அல்ல. கடலோரக் குப்பத்தைச் சேர்ந்த அஞ்சலை என்கிற மீன்கார அம்மா. அதுவும் தனிமையில் இல்லை. செங்கற்பட்டு போலீஸ் மைதானத்தில், பட்டப்பகலில், டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர், வரிசையாக நின்ற சக காவலர்கள் அத்தனை பேர் முன்னிலையில். தடவிய கட்டைவிரலை அந்த அம்மா வெயிலில் தூக்கிப் பார்த்தார். விரல் வெள்ளையாக இருந்தது. அந்த நொடியில் என் உத்தியோகம், என் மானம், கருங்குழியில் நிச்சயமாகியிருந்த என் கல்யாணம் மூன்றும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இனிமேல் நேரமே பார்க்க வேண்டாதவனுக்குக் கடிகாரம் கொடுப்பது எங்கள் இலாகாவின் வழக்கம். அந்த விழாவில் ஒரு இளம் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்:

“சார், இப்ப கூடுவாஞ்சேரியிலேர்ந்து கடற்கரை வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் கேமரா வச்சிட்டோம். அப்ப ஒண்ணுமே கிடையாது. எப்படி சார் சாட்சியைக் கண்டுபிடிச்சீங்க?”

“பயந்தே கண்டுபிடிச்சோம்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். என் உத்தியோக காலம் முழுக்க நான் உண்மையைச் சொன்ன போதெல்லாம் இப்படித்தான் சிரித்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பதிலை விரித்து எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். நிற்கச் சொன்னார்கள், மயங்கி விழுந்தேன். எழுப்பி மறுபடி ஓடச் சொன்னார்கள். வெளியே வரும்போது தலையில் ஒரு தொப்பி, மார்பில் ஒரு விசில், இடுப்பில் கஞ்சி போட்ட அரைக்கால் சட்டை. அந்த அரைக்கால் சட்டை கோயில் மணி மாதிரி விரிந்து நிற்கும். உள்ளே என் இரண்டு கால்களும் மணியின் நாக்கு மாதிரி ஆடும். அந்தக் கோலத்தில் செங்கற்பட்டில் இன்ஸ்பெக்டர் ஆரோக்கியசாமியின் முன்னால் போய் நின்றேன்.

அய்யாவைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். “யோவ் கோதண்டம்” என்றால் உலகம் நலமாக இருக்கிறது. வெறும் “கோதண்டம்” என்றால் மழை வரலாம். “வாங்க கோதண்டம், உட்காருங்க” என்றால் குடும்பத்தாருக்குத் தந்தி அடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது, சாட்சியை அவர் விசாரிக்கும் முறை. நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்கவே மாட்டார். சம்பவம் நடந்த இடத்துக்கே கூட்டிப் போய், அன்றைக்கு அவர் கையில் என்ன இருந்ததோ, தலையில் என்ன இருந்ததோ, அதையே மறுபடி ஏற்றி நிற்க வைத்துவிட்டுத்தான் முதல் கேள்வி. ஒருமுறை திருப்போரூர் கிருத்திகையில் காவடி எடுத்த ஒருவர், தனக்குப் பின்னால் நடந்த சங்கிலித் திருட்டைப் பார்த்ததாகச் சொன்னார். அய்யா மறுநாளே அவர் தோளில் காவடியை ஏற்றி, கூட்டத்துக்குப் பதில் எங்களை நெருக்கி நிற்க வைத்து, “இப்ப திரும்பிப் பாருங்க” என்றார். மனிதரால் திரும்ப முடியவில்லை. திரும்ப முயன்றதில் காவடி என் மூக்கில் பட்டதுதான் மிச்சம்.

“கண்ணு மட்டும் தனியா பாக்காதுய்யா” என்பார் அய்யா. “கழுத்து, தோளு, தலையில இருக்கிற சுமை எல்லாம் சேர்ந்துதான் பாக்கும்.”

இனி அந்த நாள். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலுக்கும் சாலைக்கும் நடுவே சவுக்குத் தோப்பு. தோப்பின் ஒரு கோடியில் மீனவர் குப்பம். மறு கோடியில் மணல்வெளியும் பாறைகளும். அன்று குப்பத்தில் ஒரு கட்சியின் கொடியேற்று விழா. பாறைப் பக்கம் சினிமாப் படப்பிடிப்பு. இரண்டுக்கும் பந்தோபஸ்து. கொடிக்கு எங்கள் ஹெட் கான்ஸ்டபிளும் சிலரும், சினிமாவுக்கு நான் ஒருவன். நான் எவ்வளவு கொடுத்து வைத்தவன் என்று மற்றவர்கள் பொருமினார்கள்.

படப்பிடிப்பு நிர்வாகி முதல் வேலையாக என்னைத் தோப்பு ஓரத்தில் நின்ற ஒரு மூடிய வேனுக்கு முன்னால் நிறுத்தினார். “உள்ள ஆர்ட்டிஸ்டுங்க இருக்காங்க சார். பொதுஜனம் யாரும் கிட்ட வராம பாத்துக்குங்க.” ஆர்ட்டிஸ்ட் என்றதும் கதாநாயகிதான் உள்ளே இருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேனுக்கு முதுகைக் காட்டி, மார்பை நிமிர்த்தி, கண்ணிமைக்காமல் காவல் காத்தேன். உள்ளேயிருந்து பீடி நாற்றம் வந்தது. கதாநாயகிகளைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று அதையும் பொறுத்துக்கொண்டேன்.

கொடியேற்ற வந்த தலைவர் அந்த வழியாகத்தான் குப்பத்துக்கு நடந்து போனார். வட்டாரத்தில் அந்தக் கட்சியின் செயலாளர் அவர். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஒன்றியத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் நின்றால் தோற்கப் போகிறவர்களுக்கு அவர் நிற்பது பிடிக்கவில்லை என்பது டீக்கடை வரை தெரிந்த விஷயம். வெயிலில் நின்ற என்னைப் பார்த்து நின்றார்.

“இன்னாப்பா, உள்ள யாரு?”

“தெரியாதுங்கய்யா. ஆர்ட்டிஸ்டு.”

“யாருன்னே தெரியாம காவலா? நல்ல உத்தியோகம்பா.” சிரித்துக்கொண்டே கூட வந்தவர் கையிலிருந்த இளநீரை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

அன்று முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பிறகு பாட்டுக் காட்சிக்காக என்னைப் பாறைப் பக்கம் கூப்பிட்டார்கள். கதாநாயகன் கதாநாயகியைத் துரத்த, எங்கிருந்தோ ஒரு ஆடு நடுவில் புகுந்தது. கடமை உணர்ச்சியால் நான் ஆட்டைத் துரத்தினேன். இயக்குநர் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார்.

“யாருய்யா அந்த போலீசு? இந்தப் படத்துல போலீசு கடைசி ரீல்லதான்யா வரணும்.”

அதற்குப் பிறகு அவர் வாயால் ‘கட்’ என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாக சல்யூட் அடிக்க ஆரம்பித்தது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் தோப்பு நிழலுக்குப் போய்விட்டார்கள். கேமராவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதால் பெரிய குடையின் கீழ் நானும், எனக்குப் பழக்கமாகிவிட்ட அந்த ஆடும் மட்டும் இருந்தோம். அப்போதுதான் தோப்பின் நடுவிலிருந்து கூச்சல் கேட்டது.

ஓடினேன். ஓடிக்கொண்டே விசிலை வாயில் வைத்து ஊதினேன். மணல் வந்தது. தட்டிவிட்டு மறுபடி ஊதினேன். மறுபடி மணல். கடைசியில் வாயாலேயே ‘பீப்’ என்று கத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

ஒற்றையடிப் பாதையில் செயலாளர் கிடந்தார். தொண்டர்களை முன்னால் அனுப்பிவிட்டு, குறுக்கு வழியாகச் சாலைக்குத் தனியாக வந்திருக்கிறார். கத்திக்குத்து. நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. என் தொப்பியைக் கழற்றி அவர் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் கொடுத்த இளநீர் என் வயிற்றில் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது.

குத்தியவர்கள் யார் என்று ஊருக்கே ஒரு யூகம் இருந்தது. ஆனால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. யூகத்தைக் கோர்ட்டில் ஏற்ற முடியாது. இந்த நிலையில் குப்பத்திலிருந்து ஒரு செய்தி கிளம்பியது. மீன் கூடையோடு அந்த நேரத்தில் தோப்பு வழியாக வந்த அஞ்சலை சொன்னதாம்: ஒரு போலீஸ்காரர் அங்கே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் காணாமல் போய்விட்டார்.

அந்தச் செய்தி எந்த பஸ்ஸைப் பிடித்ததோ, மாலைக்குள் செங்கற்பட்டுக்கு வந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் கூட்டம். கொலையைப் பார்த்தும் பாராமல் ஓடிய போலீஸ்காரனைக் கைது செய் என்று கோஷம். கொடிக்குப் போன எங்கள் ஆட்கள் எல்லாரும் குப்பத்தில் நூறு பேர் நடுவில் நின்றிருந்தார்கள். தோப்புப் பக்கம் இலாகா அனுப்பிய போலீஸ்காரன் ஒருவன்தான். கோஷத்தை நானும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரைச் சொல்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

உள்ளேயிருந்து அய்யாவின் குரல் வந்தது. “வாங்க கோதண்டம். உட்காருங்க.”

நான் உட்காரவில்லை. முழங்கால்கள் தாமாகவே உட்கார்ந்தன.

“மதியம் எங்க இருந்தீங்க?”

“கேமரா குடைக்குக் கீழங்கய்யா.”

“யாரு பாத்தாங்க?”

பயத்தில் மூளை நின்றுவிட்டால் நாக்கு தனியாகக் குடித்தனம் நடத்தும். “ஒரு ஆடு பாத்ததுங்கய்யா” என்றேன்.

அய்யா பேனாவை மூடி வைத்தார். “ஆடு கூண்டுல ஏறி சத்தியம் பண்ணாதுங்க கோதண்டம்.”

சினிமாக்காரர்கள் கொலை நடந்த பதற்றத்தில் அன்றே மூட்டை கட்டிச் சென்னைக்குப் போய்விட்டார்கள். போனில் கேட்டதற்கு நிர்வாகி, “போலீஸ்காரர் ஒருத்தர் இருந்தாருங்க, ஆடு துரத்திக்கிட்டு இருந்தாரு. மதியம் நாங்க சாப்பாட்டுல இருந்தோம், கவனிக்கல” என்று என் மானத்தையும் வாங்கிக்கொண்டு சாட்சியும் சொல்லாமல் விட்டார்.

மறுநாள் அஞ்சலையைத் தோப்புக்குக் கூட்டிப் போனோம். கூட்டிப் போனோம் என்றால், அய்யா கூட்டிப் போனார். நான் ஜீப்பின் பின்பக்கத்தில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருந்தேன். சந்தேகத்துக்குரிய ஆளைச் சாட்சி முன்கூட்டியே பார்த்துவிட்டால் பிறகு அடையாளம் காட்டுவதற்கு மதிப்பு கிடையாது. முறை என்றால் முறை. தார்ப்பாயில் இருந்த ஒரு ஓட்டைக்கு என் கண்ணைக் கொடுத்தேன்.

அஞ்சலை நல்ல உயரம். வாயில் வெற்றிலை. அய்யா சொன்னபடி கூடை நிறைய ஈர மீனை ஏற்றி, அன்று வந்த அதே பாதையில் நடந்து வந்து, அதே இடத்தில் நின்றார். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“செயலாளர் விழுந்தது உங்களுக்கு இடது பக்கம். நீங்க பாக்கலையா?”

“நான் எங்க பாக்க? கூட கீது தலையில.”

“கொஞ்சம் திரும்புங்களேன்.”

“திரும்புனா மீன் கவுந்துடும். நீ வந்து மண்ணுல பொறுக்குவியா சார்?”

அய்யாவின் முகம் மலர்ந்தது. அவருக்கு வேண்டிய பதில் அதுதான். “அப்ப நேரா என்ன தெரிஞ்சுது?”

“நேரா அந்த மரத்தாண்ட போலீசு நின்னுகினு இருந்தாரு. என்னைப் பாக்கல. அந்தப் பக்கமா எதையோ பாத்துகினு இருந்தாரு. வாயி தொறந்து கீது, சத்தம் வர்ல. கூச்சலு கேட்டிச்சி, சினிமாக்காரங்கன்னு நெனச்சேன். இவரு எதுக்கு இப்பிடி நிக்கறாருன்னு நான் பாட்டுக்கு போய்ட்டேன். அப்பாலதான் சேதி தெரிஞ்சுது. அந்த மூஞ்சிய என்னால மறக்க முடியல சார்.”

தார்ப்பாய்க்குக் கீழே திறந்திருந்த என் வாயை அவசரமாக மூடிக்கொண்டேன்.

“ஆள் எப்படி இருந்தாரு?”

“அது இன்னாவோ ஒரு மாதிரி சார். மூஞ்சி ஒரு கலரு, கையி ஒரு கலரு.”

“அப்படின்னா?”

“அப்பிடின்னா அப்பிடித்தான். இன்னான்னு சொல்றது. பாத்தா காட்டுவேன்.”

திரும்பி வரும்போது அய்யா ஜீப்பில் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: “அந்தம்மா கொலையைப் பாக்கலைய்யா. கொலையைப் பாத்தவனைப் பாத்திருக்கு. அவன் கிடைச்சா குத்துனவன் கிடைச்சான்.”

‘ய்யா’ போட்டுவிட்டார் என்று எனக்கு உயிர் திரும்பி வந்தது. உடனே திரும்பிப் பார்த்து, “நாளைக்கு மைதானத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க கோதண்டம்” என்றார். வந்த உயிர் வாசலோடு போய்விட்டது.

அன்று நான் தூங்கவில்லை. காலையில் கண்ணாடியில் பார்த்தால், தேடப்படும் குற்றவாளி ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கன்னத்தில் பயம். இந்த முகத்தோடு போனால் அஞ்சலை வரும்வரை கூடக் காத்திருக்க மாட்டார்கள், நேராகவே விலங்கு மாட்டிவிடுவார்கள். நிரபராதியாகத் தெரிய வேண்டும். அறையில் கூட இருந்தவனின் பவுடர் டப்பா கையில் அகப்பட்டது. கொஞ்சம் பூசினேன். நிரபராதித்தனம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் பூசினேன். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் காவலனாக இல்லை, அப்போதுதான் மாவில் புரட்டி எடுத்த வாழைக்காய்த் துண்டாக இருந்தேன்.

சரகத்துக் காவலர்கள் எல்லாரும் வரிசையாக நின்றோம். வழக்கமாகக் குற்றவாளியைத்தான் இப்படி நிறுத்துவது. போலீஸை நிறுத்தி ஒரு மீன்கார அம்மா பார்வையிடுவது செங்கற்பட்டு அதுவரை காணாத காட்சி. டி.எஸ்.பி.க்கு அது பிடிக்கவில்லை. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

அஞ்சலை வந்தார். முதல் ஆளின் முகத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அவன் கன்னத்தில் ஒரு தேய் தேய்த்தார். விரலைப் பார்த்தார். அடுத்த ஆளுக்குப் போனார்.

“என்னம்மா பண்றே?” என்றார் டி.எஸ்.பி.

“இரு சார், பாத்துகினுதானே வரேன்.”

ஒவ்வொரு கன்னமாகத் தேய்த்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். வரிசையில் சிரிக்காமல் இருக்கப் பலர் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கன்னத்தில் விரல் பட்டது. மீன் வாசனை வந்தது. தேய்த்தது. நின்றது.

கண்ணைத் திறந்தால் அந்த வெள்ளைக் கட்டைவிரல்.

டி.எஸ்.பி. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“இவனா?”

அஞ்சலை விரலை மோந்து பார்த்தார். “த்தூ. இது பவுடரு” என்றார். “இன்னாத்துக்கு நைனா இத்தினி பூசிகினு வந்த? உனுக்கு இன்னிக்கி பொண்ணு பாக்கறாங்களா?” பிறகு டி.எஸ்.பி. பக்கம் திரும்பினார். “இது உதுருது சார். அது எண்ணெ மாதிரி ஒட்டிகினு இருந்திச்சி. ரோசு கலரு. வேத்து ஊத்தி கழுத்துல கோடு கோடா எறங்கி கீது. கையி மட்டும் நம்ம கணக்கா கறுப்பு. இவங்கள்ல அந்த ஆளு யாரும் இல்ல.”

ரோஸ். எண்ணெய் மாதிரி ஒட்டுவது. கழுத்தில் கோடு. காலையில் என் மூஞ்சியில் நானே அரை டப்பா பவுடரைக் கொட்டிக்கொண்டபோது வராத யோசனை அப்போது வந்தது. பூச்சு. மூடிய வேன். பீடி நாற்றம். ‘இந்தப் படத்துல போலீசு கடைசி ரீல்லதான் வரணும்.’ கடைசி ரீலில் போலீஸ் வரவேண்டும் என்றால், அந்தப் போலீஸ் அதுவரைக்கும் எங்கேயாவது உட்கார்ந்திருக்க வேண்டுமே.

“அய்யா” என்று கத்தினேன். “வேனுக்குள்ள இருந்தது கதாநாயகி இல்லீங்கய்யா.”

“எந்தக் கதாநாயகி?” என்றார் டி.எஸ்.பி.

“நான் காலையிலேர்ந்து போலீசுக்குத்தாங்கய்யா காவல் இருந்திருக்கேன்.”

டி.எஸ்.பி. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். அய்யாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. முகத்தில் சிரிப்பு மெதுவாகப் பரவியது. போலீஸ் என்று சொன்னதும் இலாகா முழுக்க போலீஸையே தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். உடுப்புக்குள் நம்மைத் தவிர வேறு யாரும் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு மூடிய வேனைப் பார்த்து உள்ளே யாரென்று கேட்கத் தோன்றிய ஒரே மனிதரைத்தான் குத்திவிட்டார்கள்.

“யோவ் கோதண்டம்” என்றார் அய்யா. அந்த ‘யோவ்’ என் காதில் நாதஸ்வரமாக விழுந்தது. “மூஞ்சியக் கழுவிட்டு வாய்யா. கோடம்பாக்கம் போறோம்.”

கோடம்பாக்கத்தில் துணை நடிகர்கள் வேலைக்காகக் காத்திருக்கும் ஒரு டீக்கடை. அய்யா சாதாரண வேட்டி சட்டையில் பின்பக்கச் சந்தில் நின்றுகொண்டார். என்னை உடுப்போடு முன்பக்கமாகப் போகச் சொன்னார். “போய் சும்மா நில்லுய்யா. யாரு உன்னைப் பாத்துப் பயப்படறானோ அவன்தான்.”

“என்னைப் பாத்து யாருங்கய்யா பயப்படுவாங்க?”

“அதனாலதான்யா உன்னை அனுப்பறேன்.”

போய் நின்றேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ராஜா மீசை ஒட்டிய ஒருவர் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்த கம்பெனி அண்ணாத்த? டிரெஸ்ஸு யாரு குடுத்தது? ஒனக்கு கொஞ்சம்கூட செட்டாவலியே.”

அவருக்குப் பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒல்லியான ஒருவர், டீ கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சென்னையில் என்னை நிஜப் போலீஸ் என்று கண்டுகொண்ட ஒரே ஆள். பார்த்த மாத்திரத்தில் பின்பக்கமாக ஓட்டம் பிடித்தார். நானும் துரத்தினேன். முதல் வளைவிலேயே என் அரைக்கால் சட்டை ஒரு சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டது. விசிலை ஊதினேன். மாமல்லபுரத்து மணல் இன்னும் மிச்சம் இருந்தது.

நல்லவேளை, ஓடியவர் நேராக அய்யாவின் மேலேயே போய் மோதினார். அய்யா அவரைப் பிடிக்கவில்லை. தோளில் கை போட்டு, “டீயை அப்படியே வச்சிட்டு வந்துட்டியே, ஆறிடும் வாப்பா” என்று திருப்பிக் கூட்டி வந்தார்.

பெயர் துரைக்கண்ணு. பல வருடங்களாகப் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர். டீயைக் குடித்து முடிக்கும்வரை அய்யா ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் துரைக்கண்ணு தானாகவே ஆரம்பித்தார்.

“காலையிலேயே மேக்கப் போட்டு வேன்ல உக்கார வெச்சிட்டாங்க சார். கிளைமாக்ஸுக்குத்தான் கூப்புடுவாங்க. மதியம் சாப்ட்டுட்டு ஒரு பீடி புடிக்கலாமேன்னு தோப்புக்குள்ள போனேன். ரெண்டு பேரு அவரப் புடிச்சிகினு குத்தறானுங்க. மொதல்ல ஸ்டண்ட்டு ஒத்திகைன்னு நெனச்சேன் சார். அப்பாலதான் ரத்தம் பாத்தேன்.”

நிறுத்தினார். கிளாஸைக் கையில் உருட்டினார்.

“அவரு என்னைப் பாத்துட்டாரு சார். ‘சார், புடிங்க சார்’ன்னாரு. என்னை. நான் டூப்புன்னு அவருக்கு எப்பிடி தெரியும்? காலு மண்ணுல பொதஞ்ச மாதிரி நின்னுட்டேன். அந்த ரெண்டு பேரும் போலீசுன்னு நெனச்சி ஓடிட்டானுங்க. நானும் ஓடிட்டேன். வேன்ல ஏறும்போது இவரு வாயால பீப் பீப்னு கத்திகினு ஓடியாந்தாரு.”

“வந்து சொல்லியிருக்கலாம்ல?” என்றார் அய்யா.

“உங்க துணியப் போட்டுகினு உங்ககிட்டயே எப்பிடி சார் வர்றது? போலீசு வேசம் போட்டு ஏமாத்தினேன்னு உள்ள போட்டா? அதுகூட பரவால்ல சார். ஏன் சும்மா நின்னேன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? அந்த ‘சார்’ என் காதுலயே நிக்குது.”

அய்யா காலி கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். “இவரு நிஜம். இவரு நின்னிருந்தாலும் அன்னிக்கு இதான் நடந்திருக்கும். நீ நின்னதால அவனுங்க ஓடினானுங்க. இப்ப நீ பேசினா ஓட முடியாது.”

துரைக்கண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை துண்டில் எந்த நிறமும் இல்லை.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. ஊர் யூகித்த இரண்டு பேரையும் பிடித்தோம். மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில், சிறைக்குள், அதே வயது, அதே உடல்வாகு உள்ள பலரோடு கலந்து நிறுத்தியிருந்தும் துரைக்கண்ணு அந்த இரண்டு பேரையும் தயங்காமல் தொட்டுக் காட்டினார். விசாரணை செங்கற்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில். எதிர்த்தரப்பு வக்கீல் பெரிய கை. கறுப்பு அங்கியை உதறிக்கொண்டு எழுந்தார்.

“உங்கள் தொழில் என்ன?”

“நடிகருங்க.”

“அதாவது நடப்பதை நடக்காதது போலவும், நடக்காததை நடந்தது போலவும் காட்டுவது. இப்போது இங்கே செய்வதும் அதுதானே?”

கோர்ட்டில் சிரிப்பு. செயலாளரின் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். துரைக்கண்ணு அவரை ஒருமுறை பார்த்துவிட்டு வக்கீல் பக்கம் திரும்பினார்.

“இல்லீங்க. நடிக்கணும்னா வசனம் குடுக்கணும். இத்தினி வருசத்துல எந்தப் படத்துலயும் எனக்கு ஒரு வசனம் யாரும் குடுத்ததில்ல. நின்னுகினே இருந்தேன். அன்னிக்கும் நின்னுட்டேன். வாயத் தொறந்து பேசறது இன்னிக்குத்தாங்க மொத வாட்டி. இது நானா பேசறது.”

வக்கீல் வேறு கேள்விக்குப் போனார், ஆனால் கேட்டவர்கள் யாரும் அங்கே போகவில்லை. அஞ்சலையும் வந்து, தலையில் கூடை இல்லாமலேயே கூடை இருப்பது போலக் கழுத்தை வைத்துக்கொண்டு, தான் பார்த்த முகம் இதுதான் என்று சொன்னார். இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. செயலாளரின் மனைவி வாசலில் துரைக்கண்ணுவை நிறுத்தி, “சாப்டியாப்பா?” என்று மட்டும் கேட்டார். துரைக்கண்ணு தலையாட்டினார். அவர் வாயில் அப்போது வசனம் இல்லை.

என் கல்யாணமும் நடந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் முகத்துக்குப் பவுடர் பூச வந்த நண்பர்களைத் துரத்தியடித்த மாப்பிள்ளை கருங்குழியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் படம் செங்கற்பட்டுக்கு வந்தது. அய்யா, நான், என் மனைவி, சென்னையிலிருந்து வந்த துரைக்கண்ணு, நாலு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். பிற்பாடு வேறு இடத்தில் எடுத்த கடைசி ரீலில் போலீஸ் வரும்போது துரைக்கண்ணு வருவார், கைதட்ட வேண்டும் என்பது அய்யாவின் உத்தரவு.

ஆனால் அதற்கு முன்னால் பாட்டு வந்தது. கதாநாயகன் பாறைகளுக்கு நடுவே கதாநாயகியைத் துரத்திக்கொண்டிருந்தான். அவர்களுக்குப் பின்னால், திரையின் வலது ஓரத்தில், மணி மாதிரி விரிந்த அரைக்கால் சட்டையில் ஒரு உருவம், வாயைப் பிளந்துகொண்டு, ஒரு ஆட்டைத் துரத்தியபடி குறுக்கே போனது. அந்தத் துண்டை வெட்ட அவர்களுக்கு மனசு வரவில்லையோ, மறந்துவிட்டார்களோ தெரியாது. தியேட்டர் முழுக்கச் சிரித்தது. விசில் பறந்தது. அதில் மணல் இல்லை. என் மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“சாட்சி கிடைச்சிடுச்சுய்யா, ஆடு” என்றார் அய்யா.

இருட்டில் துரைக்கண்ணு என் பக்கம் சாய்ந்தார்.

“எத்தினியோ வருசமா ஒரு தனி ஷாட்டுக்கு நான் நாயா அலையறேன் அண்ணாத்த. நீ ஒரே நாள்ல வாங்கிட்டியே.”